அழுகும் ஸ்நேக் பிளான்ட்டைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி: வீட்டுக்குள் ஒரு ஸ்நேக் பிளான்ட் வைத்திருக்கிறேன். பராமரிப்பே தேவைப்படாது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் ஊற்றுகிறேன். இப்போது இலைகளின் அடிப்பகுதி மஞ்சளாகி, தொட்டால் கொழகொழவென்று இருக்கிறது. இரண்டு இலைகள் சாய்ந்தே விட்டன. சத்துக் குறைவா? செடி பிழைக்குமா?

பதில்: பெரும்பாலும் பிழைத்துவிடும். இது சத்துக் குறைவு இல்லை, தண்ணீர் அதிகமானதால் வந்த அழுகல். அதனால் உரம் எதுவும் போட்டுவிடாதீர்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்தச் செடி, தடித்த இலையிலும் மண்ணுக்கடியில் படரும் கிழங்கிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இலைத்துளைகளையும் பெரும்பாலும் இரவில்தான் திறக்கும் என்பதால், அதிலிருந்து வெளியேறும் ஈரம் மிகக் குறைவு. நீங்கள் ஊற்றும் தண்ணீரில் பெரும்பகுதியை அது எடுத்துக்கொள்வதே இல்லை. மண்ணில் ஈரம் நின்று, வேருக்குக் காற்று கிடைக்காமல் அழுகத் தொடங்குகிறது. வேர் போனால் இலை சுருங்கி வாடும். அதைப் பார்த்துத் தாகம் என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். நல்ல செடிகள் பல இப்படித்தான் வீணாகின்றன.

இன்றே செடியைத் தொட்டியிலிருந்து எடுங்கள். மண்ணை உதிர்த்துவிட்டுக் கிழங்கை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்ல கிழங்கு. பழுப்பாகி, அழுத்தினால் நசுங்கி, கெட்ட வாடை வந்தால் அழுகியது. சுத்தமான கத்தியால் அழுகிய இடத்தைத் தாண்டி, வெட்டுமுகத்தில் பழுப்பே தெரியாத இடம்வரை வெட்டுங்கள். இதில் இரக்கம் பார்க்கக் கூடாது. கொஞ்சம் விட்டாலும் அழுகல் பரவும். வெட்டிய முகம் காய நிழலில் இரண்டு மூன்று நாள் அப்படியே வைத்திருங்கள். செடிக்கு ஒன்றும் ஆகாது.

அப்புறம், அடியில் ஓட்டை உள்ள சிறிய தொட்டியில், சாதாரண மண்கலவையோடு ஏறக்குறைய பாதியளவு பருமணலோ பெர்லைட்டோ (நர்சரியில் கிடைக்கும் லேசான வெள்ளைக் கல் துகள்) கலந்து நடுங்கள். தொட்டி பெரிதாக இருந்தால் ஈரம் காய நாளாகும். மண் தொட்டி கிடைத்தால் இன்னும் நல்லது, பக்கவாட்டிலும் ஈரம் காயும். நட்ட பிறகு ஒரு வாரம் தண்ணீரே வேண்டாம்.

இனி நாள் கணக்கு வைத்து ஊற்றாதீர்கள். ஒரு குச்சியை அடிவரை செருகி எடுங்கள், மண் ஒட்டாமல் உலர்ந்து வந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஊற்றும்போது அடியில் வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். வீட்டுக்குள் இது பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும், குளிர்காலத்தில் இன்னும் தள்ளிப்போகும். இருட்டு மூலையிலும் செடி உயிரோடு இருக்கும், ஆனால் வளராது, மண்ணும் காயாது. ஜன்னலோரம் மாற்றுங்கள்.

கிழங்கு முழுவதும் அழுகியிருந்தால், நல்ல இலை ஒன்றை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, காயவிட்டு, கீழ்ப்பக்கம் கீழாகவே இருக்கும்படி நடுங்கள். தலைகீழாக நட்டால் வேர் பிடிக்காது. புதுக் குருத்துக்குச் சில மாதங்கள் பொறுக்க வேண்டும். இலை ஓரத்தில் மஞ்சள் கோடு உள்ள ரகம் என்றால், இலைத்துண்டிலிருந்து வரும் கன்றில் அந்தக் கோடு இருக்காது. கோடு வேண்டுமென்றால் கிழங்கோடு கன்றைப் பிரித்தே வைக்க வேண்டும்.

வெட்டிப்போட்ட இலைகளை உடனே அப்புறப்படுத்துங்கள். அவற்றில் சபோனின் என்ற நச்சுப்பொருள் உள்ளது. பூனையோ நாயோ மென்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும்.