நாடக விழா நடுவர்களுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது?

வணக்கம் அம்மா. மகள் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு, கல்லூரி நாடகக் குழுவே கதி என்று இருக்கிறாள், டெல்லியில் நடக்கிற நாடக விழா ஒன்றின் நடுவர் பட்டியலைக் காட்டி "இவங்க எல்லாம் நல்லாத்தானே இருக்காங்க" என்று வாதாடுகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். "இவங்களுக்குச் சோறு எங்கிருந்து வருது சார்?" என்றும் கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. அதற்கு மகளோடு சேர்ந்து உட்கார்ந்து விடை தேடுங்கள், ஏனென்றால் அந்தப் பட்டியலை ஒழுங்காகப் படித்தால் அவளுக்கு வேண்டியதும் உங்களுக்கு வேண்டியதும் அதிலேயே கிடைக்கும்.

முதலில், நடுவராக இருப்பது யாருக்கும் தொழில் கிடையாது. சில நாள் வேலை, பயணச் செலவு, தங்க இடம், ஏதோ ஒரு மதிப்பூதியம், அவ்வளவுதான். இருபது முப்பது வருஷம் ஒரு வேலையை உருப்படியாகச் செய்தவரைத்தான் அங்கே கூப்பிடுவார்கள். அது என்ன வேலை என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

2006-இல் தொடங்கிய மஹிந்திரா நாடக விருதுகளையே எடுத்துக்கொள்வோம், சுருக்கமாக மெட்டா என்பார்கள். நாடு முழுவதிலிருந்தும் வருகிற நாடகங்களின் பதிவுகளை முதலில் ஒரு தேர்வுக்குழு பார்த்துப் பத்து நாடகங்களை எடுக்கும். அவை டெல்லியில் மேடையேறும்போது நடுவர் குழு நேரில் பார்த்து முடிவு செய்யும். நாடகத்துக்கும் நடிப்புக்கும் மட்டும் விருது என்றில்லை. ஒளியமைப்பு, அரங்க அமைப்பு, ஆடை, இசை, நடன அமைப்பு, புதிதாக எழுதப்பட்ட நாடகப் பிரதி என்று தனித்தனியாக உண்டு. அதனால்தான் நடுவர் குழுவிலும் நடிகர், இயக்குநர், நடனக் கலைஞர், பேராசிரியர், விமர்சகர், கலை நிர்வாகி என்று கலந்து போடுவார்கள். நாடகம் என்றாலே நடிப்புதான் என்று உங்கள் வீட்டில் சண்டை நடக்கிறது, ஆனால் இந்த விருதுப் பட்டியலே அத்தனை தொழில்களைக் காட்டுகிறது.

உங்கள் மகள் இயற்பியல் படிக்கிறாள் என்பதால் ஒளியமைப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒளியமைப்புத் தெரிந்த ஒருவர் நாடகம் பார்க்கிற விதமே வேறு. நடிகை ஓரத்திலிருந்து நடுமேடைக்கு வருகிற நாலு அடிக்குள் ஒரு விளக்கின் வெளிச்சத்திலிருந்து அடுத்த விளக்கின் வெளிச்சத்துக்கு மாறும்போது இடையில் முகம் இருண்டு போகிறதா, உச்சியிலிருந்து மட்டும் அடித்துக் கண்குழி கறுத்துவிட்டதா, வசனம் முடிந்து அரை நொடி தாமதமாக விளக்கு மங்குகிறதா என்றெல்லாம் அவர் கண் தேடும். இதன் அடியில் இருப்பது அவள் பாடப்புத்தகத்தில் படிப்பதுதான்: விளக்கின் தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகிவிடும், ஆயிரம் வாட் ஆலஜன் விளக்கு இருபது போட்டால் 20 கிலோவாட், அந்த மண்டபத்து வயரிங் அதைத் தாங்குமா? இப்போது எல்.இ.டி. விளக்குகளும் ஒரே இடத்திலிருந்து எல்லா விளக்குகளையும் கட்டுப்படுத்துகிற, ஒரு இணைப்பில் 512 சேனல் ஓட்டுகிற டி.எம்.எக்ஸ். பலகையும் வந்த பிறகு, கணக்கும் கணினியும் கைவந்த ஆளுக்கு இங்கே மதிப்பு கூடியிருக்கிறது. வருமானம் நாடகத்திலிருந்து மட்டும் வராது. இசைக் கச்சேரி, கம்பெனி நிகழ்ச்சிகள், கண்காட்சி, அருங்காட்சியகம், கட்டட ஒளியமைப்பு என்று அதே கைத்தொழில் வேறு இடங்களிலும் சம்பாதித்துக் கொடுக்கும். அவள் நடிக்கத்தான் ஆசைப்படுகிறாள் என்றால் நடிக்கட்டும், தடுக்காதீர்கள். ஆனால் அடுத்த நாடகத்தில் விளக்குப் பலகையிலும் ஒருமுறை உட்காரச் சொல்லுங்கள்.

அப்புறம், வேறு வேலையில் இருந்துகொண்டே நாடகத்தில் பெரிய ஆளானவர்கள். இதில் புனே ஓர் அருமையான உதாரணம். இயக்குநர் ஜப்பார் படேல் குழந்தை மருத்துவர், நடிகர் மோகன் அகாஷே மனநல மருத்துவர், நாடகாசிரியர் சதீஷ் ஆலேகர் உயிர்வேதியியல் படித்தவர். மூன்று பேரும் அந்த ஊர் பி.ஜே. மருத்துவக் கல்லூரியோடு தொடர்புடையவர்கள். ஸ்ரீராம் லாகூ காது-மூக்கு-தொண்டை அறுவை மருத்துவர், 1969-இல் நாற்பது வயதைத் தாண்டித்தான் முழுநேர நடிகரானார். வங்காளத்து நாடகாசிரியர் பாதல் சர்க்கார் சிவில் என்ஜினீயர், நகரமைப்பு வேலை பார்த்தவர். கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட் 1963 முதல் 1970 வரை நம்ம சென்னையில் ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தில் வேலை பார்த்தார், மாலையில் மெட்ராஸ் பிளேயர்ஸ் குழுவோடு நாடகம். பிறகு இசை, நடனம், நாடகத்துக்கான தேசிய அமைப்பான சங்கீத நாடக அகாடமிக்கே தலைவரானார்.

இதைப் படித்துவிட்டு "அப்போ முதல்ல ஐ.டி. வேலை, நாடகம் பக்கத்துல" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நாடக ஒத்திகை பெரும்பாலும் மாலை ஆறு மணிக்கு மேல்தான். ராத்திரி ஒன்பது வரை மீட்டிங் இருக்கிற வேலை எவ்வளவு சம்பளம் தந்தாலும் நாடகத்தைக் கொன்றுவிடும். மாலையும் விடுமுறையும் கைக்கு வருகிற ஆசிரியர் வேலை, வங்கி, அரசு வேலை போன்றவை இவளுக்குப் பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

ஆசிரியர் வழியில் தமிழ்நாட்டிலேயே ஆட்கள் உண்டு. அ. மங்கை சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே நாடகங்களை இயக்கினார். மு. ராமசாமி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில் இருந்தார். நாடகத்தையே பாடமாக எடுக்க நினைத்தால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் முதுகலை இருக்கிறது, கல்லூரி ஆசிரியராவதற்கான தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட்டிலும் நாடகம் ஒரு பாடம். பணியிடங்கள் குறைவு, அதை மறைக்க மாட்டேன். ஆகவே நெட்டோடு நிறுத்தாமல் பி.எட். அல்லது வேறு ஒரு தகுதியும் கையில் இருக்கட்டும். பத்திரிகை, விமர்சனம், அரங்க நிர்வாகம் என்று இன்னும் வழிகள் உண்டு. பெங்களூரில் 2004-இல் திறந்த ரங்க சங்கராவைப் போன்ற ஓர் அரங்கத்தை நடத்த டிக்கெட், கணக்கு, ஒப்பந்தம், நன்கொடை எல்லாம் பார்க்க ஆள் வேண்டுமே.

இப்போது செய்ய வேண்டியது. அரியர் இல்லாமல் டிகிரியை முடிக்கட்டும். டெல்லி தேசிய நாடகப் பள்ளியின் மூன்றாண்டுப் படிப்புக்கே ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், நாடகங்களில் பங்கெடுத்த அனுபவத்துக்கு ஆதாரமும் கேட்பார்கள். ஆகவே நாடக அழைப்பிதழ், புகைப்படம், சான்றிதழ் எதையும் தூக்கிப் போடாமல் தேதி போட்டு ஒரு ஃபைலில் வையுங்கள். அங்கே சேர்ந்தால் மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு. மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகையும் இருக்கிறது, 18 முதல் 25 வயதுக்குள், மாதம் 5,000 ரூபாய், இரண்டு வருடம். அதற்குப் பல வருடப் பயிற்சி எதிர்பார்ப்பார்கள் என்பதால் அறிவிப்பைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். மூன்றே மாதத்தில் சினிமா வாய்ப்பு என்று லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கிற இடங்களுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

கடைசியாக, பெண் பிள்ளை, ராத்திரி ஒத்திகை என்று தயங்கித் தயங்கி எழுதியிருந்தீர்கள். அந்தக் கவலை நியாயமானது. அவள் சேர விரும்புகிற குழுவின் ஒத்திகைக்கு ஒரு நாள் நீங்களே போய் உட்காருங்கள். முடிந்த பிறகு பெண்கள் எப்படி வீட்டுக்குப் போகிறார்கள், ஏதாவது புகார் என்றால் யாரிடம் சொல்வது என்று இயக்குநரிடம் நேராகக் கேளுங்கள். நல்ல குழு இதற்குக் கோபப்படாது. மழுப்பினால் அந்தக் குழு வேண்டாம், வேறு குழு பாருங்கள்.