கம்பஸா, பிரைவேட்டா? வாசகர் கேள்வியும் பதிலும்

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு கடிதங்களும் வந்து குவிந்துவிட்டன. கேட்கிற விதம்தான் வேறு, கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: வணிகம் படிக்க அரச பல்கலைக்கழகமா, காசு கட்டிப் படிக்கிற இடமா? மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழுவதும் கொமர்ஸ் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்.

கேள்வி: வெட்டுப்புள்ளியைப் பார்த்தால் எனக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் கிடைக்கும் போல இருக்கிறது, ஜெயவர்த்தனபுர கிடைக்காது. கனடாவில் இருக்கும் மாமா, "கம்பஸில ஸ்ட்ரைக், ராகிங், நாலு வருசம் ஆறு வருசமாகும், கொழும்பில பிரைவேட்டில படி, காசு நான் தாறன்" என்கிறார். அம்மாவுக்கு வீட்டை விட்டு அனுப்ப விருப்பமில்லை. நான் என்ன செய்ய?
— மாணவி, கொக்குவில்

பதில்: பிள்ளை, கிடைத்தால் யாழ்ப்பாணத்தையே எடும். ஏனென்று சொல்கிறேன், பிறகு மாமாவின் கட்சியையும் பேசுவோம்.

இலவசக் கல்வி, இலவசக் கல்வி என்று 1945இலிருந்து கேட்டுக் கேட்டு அதன் பெறுமதி எங்களுக்கு மரத்துப்போய்விட்டது. நாலு வருடச் சிறப்புப் பட்டம், படிப்பிக்கிறதுக்குக் காசில்லை, வீட்டு வருமானம் குறைவென்றால் மகாபொலப் புலமைப்பரிசிலுக்கோ பேர்சரி உதவித்தொகைக்கோ விண்ணப்பிக்கலாம், கொக்குவிலிலிருந்து பரமேஸ்வராச் சந்திக்குச் சைக்கிளிலேயே போய்வரலாம், பின்னேரம் வந்தால் அம்மாவின் சோறு. அரச வேலைக்குப் போனாலும் வங்கிக்குப் போனாலும் வெளிநாட்டில் முதுமாணி படிக்கப் போனாலும் "இந்தப் பட்டம் செல்லுமா" என்று உம்மை ஒருவரும் கேட்கப்போவதில்லை.

மாமா சொல்வது பொய்யில்லை. 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் இழுபட்டது. அதற்கு முதல் கொரோனா, 2022 நெருக்கடி என்று பல பட்ச்சுகள் பிந்தித்தான் வெளியே வந்தன. பெறுபேறு வந்து முதல் விரிவுரை தொடங்கும் வரைக்குமே பல மாதம் போய்விடும். அந்த மாதங்களை ரிக்ரொக்கில் கரைக்கிறவருக்குத்தான் பிந்துவது முழு நட்டம். பகிடிவதைக்கு எதிராக 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, சட்டம் இருக்கிறதால் பகிடிவதையே நடக்காது என்று நான் சொல்லமாட்டேன், நடந்தால் வாயை மூடிக்கொண்டு இராமல் எழுத்தில் முறையிடும், வீட்டிலும் சொல்லும்.

இனி மாமாவுக்கு ஒரு வேலை கொடுப்போம். "மாமா, காசு தாறதெண்டால் எனக்குச் சீமா படிக்கத் தாங்கோ" என்று கேட்டுப் பாரும். சீமா (CIMA) என்கிற முகாமைக் கணக்கீட்டுப் படிப்போ பட்டயக் கணக்காளர் படிப்போ, கணக்கீட்டில் பிடிப்பிருந்தால் ஒன்றை இப்போதே தொடங்கலாம். ஜெயவர்த்தனபுரப் பிள்ளைகள் பலர் கம்பஸில் இருந்துகொண்டே இதைத்தான் செய்கிறார்கள். நேர்முகத்துக்கு வருகிற எல்லாரிடமும் பட்டம் இருக்கும். பட்டத்தோடு சீமாவில் பாதித் தூரமும், ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் கொஞ்ச நாள் இருந்து மற்றவனின் லெட்ஜரைப் புரட்டிய பழக்கமும் உள்ளவரைத்தான் இரண்டாம் தரம் கூப்பிடுவார்கள். இதற்கு ஆகிற செலவு ஒரு பிரைவேட் பட்டத்தைவிட நன்றாகக் குறைவு.

பிரைவேட்டைக் குறைத்துச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். சொன்ன திகதிக்குத் தொடங்கி ஏறக்குறைய சொன்ன திகதிக்கு முடிக்கிறார்கள், கொழும்புக் கொம்பனிகளில் பயிற்சிக்கு இடம் பிடிப்பது அங்கேயே இருக்கிறவருக்குச் சுலபம், எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேசவைக்கிறார்கள், எங்கள் பிள்ளைகள் தடுமாறுகிற இடம் அதுதான். ஆனால் செலவு கட்டணத்தோடு நிற்காது. காசு கட்டிப் படிக்கிற இடங்களில் எஸ்.எல்.ஐ.ஐ.ரி. இருப்பது மாலபேயில், என்.எஸ்.பி.எம். ஹோமாகம பிட்டிபனையில். அம்மா நம்பி அனுப்பக்கூடிய வெள்ளவத்தையில் அறை எடுத்தால் தினமும் எத்தனை மணித்தியாலம் பஸ்ஸில் போகும் என்று ஒரு தரம் போய்ப் பார்த்துவிட்டுப் பேசும். மாமாவின் காசும் சும்மா வருகிற காசில்லை, பனிக்குள் இரவு ஷிப்ட் செய்து வருகிறது. நாளைக்கு அவருக்கு வேலை போனால் மூன்றாம் வருடக் கட்டணம் என்ன ஆகும் என்பதை மரியாதையாக, ஆனால் நேராகவே கேட்டுவிடும்.

இன்னுமொன்று. ஜெயவர்த்தனபுர கிடைக்காது என்று நீரே தீர்ப்பு எழுதவேண்டாம், போன வருட வெட்டுப்புள்ளி போன வருடத்துக்கு உரியது. விண்ணப்பத்தில் யூனிகோட் (எந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் படிப்பு என்கிற குறியீடு) போடும்போது விருப்பமானதை மேலே போடும், அதற்குக் கீழே யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, வந்தாறுமூலை, ஒலுவில் என்று போகச் சம்மதமான எல்லாவற்றையும் எழுதும். நாலைந்தோடு நிறுத்திவிட்டுப் பிறகு அழுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

கேள்வி: கிளிநொச்சியில் இருந்து உயர்தரம் எழுதிய என் மச்சாளுக்கு என்னைவிட இசட் புள்ளி குறைவு. அவளுக்குக் கம்பஸ் கிடைத்தது, எனக்கு இல்லை. இது என்ன நியாயம்?
— மாணவன், நல்லூர்

பதில்: இடங்களில் நூற்றுக்கு 40 நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையில், 55 மாவட்டச் சனத்தொகைப்படி, மிச்சம் 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. மாவட்டத்துக்கென்று ஒதுக்கிய இடங்களுக்கு அந்தந்த மாவட்டப் பிள்ளைகளுக்குள்தான் போட்டி, ஆகவே கிளிநொச்சி வெட்டுப்புள்ளி வேறு, யாழ்ப்பாண வெட்டுப்புள்ளி வேறு. நீர் நல்லூரில் வீட்டுக்கு வீடு ரியூசன் இருக்கிற இடத்தில் படித்தீர், மச்சாள் எப்படிப் படித்தாள் என்று அவளிடமே கேளும். கோபம் கொஞ்சம் ஆறும்.

கேள்வி: மகனுக்கு அரச பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. ஒரு நிறுவனத்தில் மூன்று வருடத்தில் "யூ.கே. பட்டம்" என்கிறார்கள். அரச வேலைக்குச் செல்லுமா? கட்டணத்துக்குத் தோட்டக் காணியை ஈடு வைக்கலாம் என்று யோசிக்கிறேன்.
— தந்தை, சுன்னாகம்

பதில்: ஐயா, காணியில் கை வைக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மருத்துவத்துக்கு மருத்துவ சபை என்று ஒன்று இருக்கிறது, அது பதியாவிட்டால் தொழில் செய்யமுடியாது. மாலபே தனியார் மருத்துவக் கல்லூரி விவகாரத்தில் நாடே இதைப் பார்த்தது. வணிகப் பட்டத்துக்கு அப்படி ஒரு காவல் இல்லை. ஆகவே விசாரிக்கிற வேலை உங்கள் தலையில்தான் விழுகிறது.

நிறுவனத்தின் பெயரை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சாகும் என்று கேளுங்கள். வாயால் சொன்னால் காணாது, மாதிரிச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், அது சர்வதேசப் பல்கலைக்கழகக் கைந்நூலிலோ பொதுநலவாயப் பல்கலைக்கழக ஆண்டுநூலிலோ இருக்கிறதா என்றுதான் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பார்க்கும். இங்கேயே பட்டம் கொடுக்கிற தனியார் நிறுவனம் என்றால், 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அதை அங்கீகரித்து வர்த்தமானியில் வந்திருக்கவேண்டும், அதிலும் மகன் படிக்கப்போகிற அந்தப் பட்டத்தின் பெயரே இருக்கவேண்டும். ஐ.ரி. பட்டத்துக்கு அங்கீகாரம் வாங்கிய இடத்தில் முகாமைத்துவப் பட்டத்துக்கும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

மூன்று வருடம் என்கிறார்களே, அது இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் எத்தனையாம் மட்டம் என்றும் கேளுங்கள். மூன்று வருடச் சாதாரணப் பட்டம் 5ஆம் மட்டம், நாலு வருடச் சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். முதுமாணி படிக்கப் போகிற அன்றைக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

பிறகு கட்டண அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து ஆறுதலாக வாசியுங்கள். மேலே பெரிய எழுத்தில் ஒரு தொகை இருக்கும், மாதாமாதம் கட்டலாம் என்றும் இருக்கும். கீழே இறங்க இறங்க எழுத்து சிறுத்துக்கொண்டு போகும்: பதிவுக் கட்டணம், திருப்பித் தரப்படமாட்டாது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கட்டணம், பவுணில். பாடம் கோட்டைவிட்டால் மீள எழுதக் கட்டணம். பட்டமளிப்புக் கட்டணம், கவுண் தனி. இதில் பவுண் என்கிற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு போடுங்கள். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டபோது 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் இரண்டு மாதத்துக்கிடையில் 350ஐத் தாண்டியது, பவுணும் கூடவே ஏறியது. படிப்பை நடுவில் வைத்திருந்த பிள்ளைகளின் பெற்றோர் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். வெங்காயம் விற்ற ரூபாயில் பவுண் கட்டணம் கட்ட முடியாது ஐயா.

காணிக்குப் பதில் என்ன என்றால், உயர்தரம் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களுக்கு அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடன்திட்டம் 2017இலிருந்து இருக்கிறது. எல்லா இடத்துக்கும் இல்லை, தெரிந்தெடுத்த நிறுவனங்களின் தெரிந்தெடுத்த பட்டங்களுக்கு மட்டும்தான். பிணைக்கு ஆள் வேண்டும், வேலை கிடைத்த பிறகு மகன்தான் திருப்பிக் கட்டவேண்டும். விண்ணப்பம் கோரும்போது தவறவிடாதீர்கள். உங்கள் யூ.கே. பட்டம் அந்தப் பட்டியலில் இல்லையென்றால், ஏன் இல்லை என்பதையும் அந்த நிறுவனத்திடமே கேட்டுப் பாருங்கள், பதில் சொல்கிற விதத்திலேயே பாதி விளங்கிவிடும்.

கேள்வி: பிரைவேட்டில் படித்தவனுக்கு எங்கள் ஊரில் பெண் கொடுப்பார்களா?
— பெயர் வேண்டாம், பருத்தித்துறை

பதில்: தம்பி, பெண் வீட்டார் முதலில் கேட்பது வேலை என்ன, நிரந்தரமா, பென்சன் உண்டா என்றுதான். எங்கே படித்தீர் என்பது சாதகம் பொருந்திய பிறகு வருகிற கேள்வி.

கேள்வி: இரண்டு தரம் எழுதிவிட்டேன், மூன்று பாடமும் எஸ், சாதாரண சித்திதான். மூன்றாம் தரம் எழுதவா, காசு கட்டிப் படிக்கவா? வீட்டில் காசும் இல்லை.
— மாணவி, சாவகச்சேரி

பதில்: பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தரம்தான் கணக்கு, அந்தக் கடைசித் தரத்தை ரோசத்துக்காக எழுதவேண்டாம். போன முறை ஏன் எஸ் வந்தது என்று உமக்கே தெளிவாகத் தெரிந்தால், அதைத் திருத்த வழியும் இருந்தால் எழுதும். "இந்த முறை வேற சேரிட்ட போறன்" மட்டும்தான் திட்டம் என்றால் வேண்டாம்.

அரச பல்கலைக்கழகத்துக்கும் பிரைவேட்டுக்கும் நடுவில் பல வாசல்கள் இருக்கின்றன, ரியூசன் கொட்டில்களில் அவற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. உயர் தொழில்நுட்ப நிறுவகத்தில் கணக்கீட்டு உயர் தேசிய டிப்ளோமா இருக்கிறது, எச்.என்.டி.ஏ. என்று கேள்விப்பட்டிருப்பீர், முழுநேர வகுப்புக்குக் கட்டணமில்லை, அதற்கு யாழ்ப்பாணத்திலேயே நிறுவகம் இருக்கிறது. திறந்த பல்கலைக்கழகத்துக்கும் இங்கே பிராந்திய நிலையம் உண்டு, முகாமைத்துவப் பட்டமும் உண்டு. அது அரச பல்கலைக்கழகம்தான், ஆனால் காசு வாங்கும். என்.எஸ்.பி.எம்.மும் அரசாங்க நிறுவகம் ஒன்றுக்குச் சொந்தமானதுதான், அதுவும் காசு வாங்கும். அரசு, தனியார் என்று நாங்கள் போடுகிற கோடு அவ்வளவு நேரில்லை. திறந்த பல்கலைக்கழகத்தில் பகலில் ஓர் இடத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், உம்முடைய நிலைமைக்கு அதுதான் தோதாகத் தெரிகிறது. கஷ்டம், பலர் இடையில் விட்டுவிடுகிறார்கள், அதையும் தெரிந்துகொண்டு சேரும்.

கேள்வி: அப்பாவின் ஹார்ட்வெயார் கடையைத்தான் நான் பிறகு பார்க்கப்போகிறேன். எனக்கு எதற்கு பிஸ்னஸ் டிகிரி?
— மாணவன், மானிப்பாய்

பதில்: பெரிய காசு கட்டிப் படிக்கிற டிகிரி வேண்டாம்தான். ஆனால் கடையின் லாச்சிக்குள் ஒரு கடன் கொப்பி இருக்குமே, அதை எடுத்துப் பாரும். மேசன்மாரின் பெயர், சீமெந்து எத்தனை பாக், கம்பி எத்தனை கிலோ என்று இருக்கும், எப்போது தருவார் என்று ஓரிடத்திலும் இராது. கேட்டால் அப்பா, "அவன் தருவான்" என்பார். வற் வரி 2024 ஜனவரியிலிருந்து நூற்றுக்கு 18. கொம்பனிக்காரன் முதலே காசு கேட்கிறான், வாங்குகிறவர் பிறகு தாறன் என்கிறார், நடுவில் நிற்கிறது உங்கள் வீட்டுக் காசு. இதைப் பிடித்து நிறுத்தத் தேவையான கணக்கீடு பாதி உமக்கு உயர்தரத்திலேயே படிப்பித்தாயிற்று. மிச்சத்துக்கு ஏ.ஏ.ரி. என்கிற கணக்கீட்டுப் படிப்பைச் செய்யும், ஆசை வந்தால் கடையில் இருந்துகொண்டே வெளிவாரிப் பட்டம் ஒன்றும் எடும்.

முதலில் அந்தக் கொப்பியை ஒரு எக்செல் தாளுக்கு மாற்றி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கடைசியாகக் காசு தந்த திகதியைப் போடும். எந்த மேசனுக்கு இனிக் கடனில்லை என்பதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று மட்டும் என்னிடம் கேட்கவேண்டாம்.