வயிற்று டயாலிசிஸும் குடல் தொல்லையும்: சிஸ்டர் பதில்கள்

வேலூரில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். வீட்டிலேயே பை மாற்றிக்கொள்ளும் சிஏபிடி நோயாளிகளைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். பையிலிருக்கும் சர்க்கரைத் தண்ணீரை வயிற்றில் வைத்த டியூப் வழியாக உள்ளே விட்டு, சில மணி நேரம் கழித்துக் கழிவோடு வெளியே எடுக்கும் டயாலிசிஸ் இது. வந்த கேள்விகளில் குடல் சம்பந்தப்பட்டதை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் டாக்டருக்கு என் பதில் ஈடாகாது.

குடியாத்தத்திலிருந்து ஒரு மகன்: சிஸ்டர், அம்மாவுக்குப் பை கலங்கலா வந்து ஆறு நாள் ஆச்சு. ஆன்டிபயாடிக் போட்டும் தெளியல. கல்ச்சர்ல ரெண்டு மூணு கிருமி இருக்குதாம். இன்னும் எத்தனை நாள் பார்க்கலாம்?

இனிமேல் பார்க்க வேண்டாம் தம்பி. சரியான மருந்து 5 நாள் போயும் தண்ணீர் தெளியாவிட்டால் டியூபை எடுத்துவிடுவதுதான் வழக்கம். அதைவிட எனக்கு உறுத்துவது அந்த ரெண்டு மூணு கிருமி. கை சுத்தமில்லாமல் வரும் தொற்றில் பெரும்பாலும் ஒரே கிருமிதான் இருக்கும், அதுவும் தோலில் இருக்கிற வகை. குடலில் வாழும் கிருமிகள் கூட்டமாக வந்தால், அப்பென்டிக்ஸா, பித்தப்பையா, பெருங்குடலில் ஓட்டையா என்று தேடியே ஆக வேண்டும். சி.டி. ஸ்கேனும் சர்ஜன் பார்ப்பதும் இன்றே நடக்கட்டும்.

ஒரு சிக்கல் உண்டு. எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரிந்தால், மற்றவர்களுக்கு முதலில் ஓட்டை என்றுதான் சந்தேகிப்பார்கள். பை மாற்றுகிறவர்களுக்கு டியூப் வழியாகவே காற்று உள்ளே போயிருக்கலாம். அதற்காக ‘டியூப் காற்றுதான்’ என்று வலியோடு வீட்டுக்கு அனுப்புவதை என்னால் ஏற்க முடியாது.

ஆம்பூரிலிருந்து ஒரு மனைவி: வீட்டுக்காரருக்குத் தண்ணி உள்ளே விட்ட கொஞ்ச நேரத்துலயே பேதியாகுது. வெளியே எடுக்கும்போது பாதிகூட வர்றதில்ல.

அடுத்த பையை விடாதீர்கள் அம்மா. டியூபை மூடிவிட்டு உடனே கிளம்புங்கள். அபூர்வம்தான், ஆனால் டியூபின் முனை குடலை அரித்து உள்ளே போய்விடுவதுண்டு. அப்படியானால் நீங்கள் விடும் தண்ணீர் நேராக மலக்குடல் வழியாக வெளியேறும். அந்தத் தண்ணீரில் குளுக்கோஸ் இருப்பதால், பேதியில் சர்க்கரை இருக்கிறதா என்று டெஸ்ட் செய்தாலே ஒரு துப்பு கிடைக்கும். நான் பார்த்த ஒருவருக்கு ஒரு வாரம் கல்யாண பிரியாணி மேல் பழி போட்டுப் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

ஆரணி: பை பால் மாதிரி வெள்ளையா வருது. காய்ச்சலும் இல்ல, வலியும் இல்ல.

வெளியே எடுத்த தண்ணீரில் செல் கவுண்ட், அதாவது வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, பாருங்கள். 100-க்குக் கீழே இருந்தால் அது கொழுப்பாக இருக்கலாம். லெர்கனிடிபைன் போன்ற பி.பி. மாத்திரை இப்படிச் செய்யும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு மகள்: அப்பா எட்டு வருஷம் பை மாற்றினார். போன வருஷம் கிட்னி மாற்றியாச்சு, கிரியேட்டினின் நன்றாக இருக்கிறது. இப்போது சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி, எடை குறைகிறது. அல்சர் மருந்து கேட்கவில்லை.

1971-லேயே சி.எம்.சி. மருத்துவமனையில் சிறுநீரக மாற்று நடந்த ஊர் இது. அதனால் கிட்னி வைத்துவிட்டால் பழைய கதை முடிந்தது என்று நம் பக்கத்தில் ஒரு நினைப்பு. அப்பாவின் வயிற்றுச் சவ்வுக்கு அது முடியாமல் இருக்கலாம். பல வருடம் சர்க்கரைத் தண்ணீரில் ஊறிய சவ்வு சிலருக்குத் தடித்து, குடலைச் சுற்றிப் பட்டுப்புழு மாதிரி கூடு கட்டிவிடும். என்காப்சுலேட்டிங் பெரிடோனியல் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர். வருடம் கூடக் கூட ஆபத்தும் கூடும். டயாலிசிஸை நிறுத்திய பிறகு தலைகாட்டுவதும் உண்டு, கிட்னி மாற்றிய பிறகும்தான்.

இது முதலில் சாப்பாட்டுத் தட்டில் தெரியும். முழு உருண்டை கேழ்வரகுக் களி தின்றவர் இரண்டு வாயிலேயே போதும் என்கிறாரா? பை மாற்றிய கடைசிக் காலத்தில் உடம்பிலிருந்து தண்ணீர் இழுப்பது குறைந்து, சர்க்கரை அடர்த்தி கூடிய பைக்கு மாறினாரா? எப்போதாவது ரத்தம் கலந்து வந்ததா? இதையெல்லாம் எழுதி எடுத்துப் போய், எட்டு வருட டயாலிசிஸையும் சொல்லி, சி.டி. எடுக்கலாமா என்று கேளுங்கள். வயிற்று டி.பி.யும் இதே கூட்டைக் கட்டும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அந்தப் பயம் அதிகம். ஸ்டீராய்டைக் கூட்டுவதற்கு முன் அதைப் பார்த்துவிட வேண்டும். ஸ்டீராய்டு, டமாக்சிஃபென், நரம்பு வழி சத்து என்று வைத்தியம் இருக்கிறது. ஆபரேஷன் என்றால் இந்தக் கூட்டைப் பிரித்துப் பழகிய கை வேண்டும், அவசரப்பட்டால் குடல் கிழியும்.

காட்பாடி: தொப்புள் புடைச்சிருக்கு, படுத்தா உள்ளே போயிடுது. பரவாயில்லையா சிஸ்டர்?

குடலிறக்கம். இப்போதைக்கு அவசரமில்லை, ஆனால் அடுத்த முறை போகும்போது சர்ஜனிடம் காட்டுங்கள். படுத்தும் உள்ளே போகாமல் இறுகி, வலியும் வாந்தியும் வந்தால் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்பிவிடுங்கள். கிளம்பும்போது கடைசியாக எடுத்த பையைக் கொட்டிவிடாமல் கையோடு கொண்டு போங்கள்.