நாடகம் போட்டால் நாற்பது பேரும் ஆங்கிலம் பேசுவார்களா?

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். 40 பிள்ளைகள். ஆண்டு விழா ஆங்கில நாடகத்தில் நன்றாகப் பேசும் ஐந்து பேர் வசனத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். மற்றவர்கள் மரமாகவும் காவலாளியாகவும் நின்றார்கள். வகுப்பிலேயே நாடகம் வைத்தால் எல்லோரும் பேசுவார்களா? ஒருமுறை முயன்றபோது சத்தம் தாங்காமல் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்துவிட்டார்.

பதில்: பேசுவார்கள், டீச்சர். ஆனால் வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள். எழுதிய வசனத்தில் அடுத்தவர் என்ன சொல்வார் என்பது முன்பே தெரியும். அதனால் காதைத் தீட்டிக் கேட்க வேண்டிய தேவையே பிள்ளைக்கு இல்லை. பிள்ளைகளுக்குத் தேவை ஒரு சிக்கல். அதுவும் ஆங்கிலத்தைத் தவிர வேறு வழியில்லாத சிக்கலாக இருக்க வேண்டும். காய்கறிக் கடைக் காட்சி வைத்து ஆங்கிலத்தில் பேரம் பேசச் சொன்னால் பிள்ளைகளுக்கே அது பொய்யாகப் படும்.

ஒரு காட்சி சொல்கிறேன். நாக்பூர் ரயில் நிலையம், டெல்லி போகும் வண்டி, புறப்பாடு இரவு 12.10. ஏறியவர்களில் ஒருவருக்குத் தமிழ் மட்டும் தெரியும், மற்றவருக்கு மராத்தி மட்டும். பொதுவாக இருப்பது கொஞ்சம் ஆங்கிலம்தான். இருவர் டிக்கெட்டிலும் எஸ்5 பெட்டி, 23ஆம் எண், சைடு லோயர். வகுப்பை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுங்கள். ஒன்றில் 14ஆம் தேதி, மற்றொன்றில் 15. சீட்டைக் காட்டக் கூடாது, வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று என்ன தேதி என்று கரும்பலகையில் எழுதிவிடுங்கள்: நள்ளிரவு தாண்டிவிட்டதால் 15. முந்தைய நாள் டிக்கெட்டை வைத்திருப்பவர் யார் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

‘வாட் இஸ் த டேட் ஆன் யுவர் டிக்கெட்?’ என்ற கேள்விக்கு அவர்கள் வந்து சேரச் சில நிமிடம் ஆகும். அதுவரை ‘மை சீட்’, ‘நோ, மை சீட்’ என்றுதான் ஓடும். ஓடட்டும். ‘மை’, ‘யுவர்’ இரண்டும் பயிற்சிநூலில் பத்துத் தடவை எழுதியதைவிட இங்கே உறுதியாகப் பதியும், ஏனென்றால் உட்கார இடம் வேண்டியிருக்கிறது.

சத்தத்துக்கும் இந்தக் காட்சிக்குள்ளேயே வழி இருக்கிறது. நள்ளிரவு, மற்ற பயணிகள் தூங்குகிறார்கள், ஆகவே கிசுகிசுத்துத்தான் சண்டை போட வேண்டும். இருபது ஜோடிகளும் ஒரே நேரத்தில் பேசினாலும் பக்கத்து வகுப்புக்குக் கேட்காது. யாரும் யாரையும் வேடிக்கை பார்க்காததால் கூச்சமும் குறையும். பதற்றத்தில் இருக்கும் பிள்ளையின் மனத்தில் மொழி இறங்காது என்று மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன் வலியுறுத்தியதை வகுப்பறையில் தினமும் பார்க்கிறோம்.

அடுத்து நீங்களே டிடிஆராக உள்ளே வாருங்கள். ஆசிரியரும் பாத்திரமாக மாறி நாடகத்துக்குள் நுழையும் முறையைப் பரப்பியவர் பிரிட்டனின் நாடகக் கல்வியாளர் டோரதி ஹீத்கோட் (1926–2011). தமிழ் தெரியாத டிடிஆராக நீங்கள் விழிக்கும்போது, வழக்கமாக உங்கள் முகத்தைப் பார்த்துச் சரியான விடை தேடும் பிள்ளை, இப்போது உங்களுக்குப் புரிய வைக்கப் பாடுபடும். இந்த இடம் வருவதற்காகவே இவ்வளவு ஏற்பாடும்.

நடுவில் இலக்கணம் திருத்தவே வேண்டாம். காதில் விழுந்த பிழைகளைக் குறித்துக்கொண்டு, முடிந்தபின் மூன்றை மட்டும் பலகையில் எழுதுங்கள், யார் சொன்னது என்று சொல்லாமல். பிறகு துண்டுச்சீட்டை மாற்றிக்கொண்டு அதே காட்சியை மறுபடி ஆடட்டும். இரண்டாம் சுற்றைத் தவிர்த்துவிடாதீர்கள், திருத்தம் நாக்கில் ஏறுவது அப்போதுதான்.

வாயே திறக்காத பிள்ளைகளுக்கு உறைகாட்சி வையுங்கள். பெட்டியில் இருப்பவர்கள் அப்படியே சிலையாக நிற்க, நீங்கள் தோளைத் தொட்டவர் மட்டும் தன் மனத்தில் ஓடுவதை ஒரு வரியில் சொல்ல வேண்டும். ‘ஐ வான்ட் டு ஸ்லீப்’ போதும். தமிழில் சொன்னால் ஜோடி ஆங்கிலத்தில் எடுத்துக் கொடுக்கலாம்.

வாரத்துக்கு இரண்டு நாள், இருபது நிமிடம் ஒதுக்குங்கள். அடுத்த ஆண்டு விழாவுக்குப் புது நாடகம் தேட வேண்டாம். இப்படி ஆடிய காட்சிகளில் பிள்ளைகள் தாங்களே சொன்ன வரிகளைத் தொகுத்தாலே நாற்பது பேருக்கும் வசனம் கிடைத்துவிடும்.