கணினி இசை படிக்க வேண்டும் என்கிறாள் மகள்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். "பாட்டும் கணினியுமாக உட்கார்ந்திருந்தால் பிழைப்பு நடக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் நியாயமானது. ஆனால் உங்கள் மகள் கேட்பது பாடகியாவதற்கான படிப்பு அல்ல; ஒலியையும் இசையையும் கணினி கொண்டு ஆராயும் படிப்பு. அதை முதலில் பார்ப்போம்.

இன்று மாலை ஒன்று செய்யுங்கள். போனில் மெட்ரோனோமை (சீராகத் தாளம் தட்டும் செயலி) நொடிக்கு ஒரு தட்டு வீதம் ஓடவிட்டு, அதோடு சேர்ந்து மேசையில் விரலால் தட்டுங்கள். இரண்டு சத்தமும் ஒரே பதிவில் விழட்டும். அப்புறம் அந்தப் பதிவின் அலைவடிவத்தைப் பெரிதாக்கிக் காட்டும்படி மகளிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் உங்கள் விரல் சில பத்து மில்லிநொடி முந்திக்கொண்டிருக்கும். சத்தம் காதில் விழுந்த பிறகு நாம் தட்டுவதில்லை. வரப்போவதை மூளை கணித்து விரலுக்குச் சொல்லிவிடுகிறது. காதும் உடலும் இப்படிக் கைகோத்து நடப்பது எப்படி? நார்வேயின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் உள்ள ரிட்மோ மையத்தில் இசையறிஞர்களும் உளவியலாளர்களும் கணினிக்காரர்களும் சேர்ந்து ஆராய்வது இதைத்தான்.

இந்தத் துறை வேரூன்றிய இடங்களில் முக்கியமானது ஒரு தொலைபேசி நிறுவனத்தின் ஆய்வகம். 1957-இல் பெல் ஆய்வகத்தில் மேக்ஸ் மேத்யூஸ் எழுதிய நிரல் கணினியை இசைக்க வைத்தது. தொலைபேசிக்கும் காதுக்கும் அவ்வளவு நெருக்கம். பழைய தொலைபேசி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை ஏறக்குறைய வெட்டிவிடும். ஆண்குரலின் அடி அதிர்வெண்ணோ 100 ஹெர்ட்ஸை ஒட்டியது. ஆனாலும் குரலின் கனம் நமக்குக் கேட்கிறது. இல்லாத ஒலியை மேல் அதிர்வெண்களிலிருந்து மூளையே கட்டிக்கொள்கிறது. எனக்கு இன்றைக்கும் இது வியப்புதான்.

சரி, வேலை? காது கேட்கும் கருவிகள், காக்ளியர் இம்ப்ளான்ட் (உட்காதில் பொருத்தும் கருவி), ஒலிக்கோப்புகளைச் சுருக்குதல், விளையாட்டு மென்பொருள், பார்கின்சன் நோயாளிகளுக்குத் தாளத்தோடு நடைப்பயிற்சி என்று இந்த அறிவு தேவைப்படும் இடங்கள் பல. ஆனால் முழுநேர ஆராய்ச்சிப் பதவிகள் குறைவு. முனைவர் பட்டம் இல்லாமல் பெரும்பாலும் கிடைக்காது, நிதியும் திட்டத்துக்குத் திட்டம் மாறும். இதை மகளிடம் மறைக்காதீர்கள்.

அதனால் இளநிலையில் கணினி அறிவியல், மின்னணுவியல், இயற்பியல் இவற்றில் ஒன்றை எடுக்கட்டும். ஃபூரியர் மாற்றமும் (ஒலியை அதன் அதிர்வெண்களாகப் பிரிக்கும் கணக்கு) புள்ளியியலும் கைவந்துவிட்டால், வேறு துறைக்குப் போனாலும் வீணாகாது. முதுநிலைக்கு பார்சிலோனாவின் பொம்பெயு ஃபாப்ரா, லண்டனின் குயின் மேரி, ஸ்டான்ஃபோர்டின் கணினி இசை மையமான சிசிஆர்எம்ஏ ஆகியவற்றைப் பார்க்கலாம். வாத்தியம் வாசிப்பதை மட்டும் "படிப்பு கெடும்" என்று நிறுத்திவிடாதீர்கள். நல்ல கேள்விகள் வாசிக்கும்போதுதான் பிறக்கின்றன.

அதற்கு முன் மூன்று மாத அவகாசம் கொடுங்கள். ப்யூர் டேட்டா, ஒலியை உருவாக்கவும் கையாளவும் உதவும் இலவச மென்பொருள்; அதை இறக்கிக்கொண்டு, அந்தத் தட்டல் சோதனையைப் பத்துப் பேரிடம் செய்யட்டும். வேகத்தைக் கூட்டினால், குறைத்தால் விரல் எவ்வளவு முந்துகிறது என்று அளந்து எழுதட்டும். எழுதி முடித்ததும் "அடுத்து என்ன பார்க்கப் போகிறாய்?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலோடு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.