பொதுக்கொள்கை படித்தால் வேலை கிடைக்குமா?

பி.ஏ. பொருளாதாரம் மூன்றாம் ஆண்டுக்குப் போகும் மகள், வங்கித் தேர்வு வேண்டாம், பொதுக்கொள்கை (அரசுத் திட்டங்களை வகுப்பது, மதிப்பிடுவது பற்றிய படிப்பு) படிக்கப்போகிறேன் என்று நிற்கிறாள். அதற்கெல்லாம் வேலை உண்டா என்று கடலூரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார்.

உண்டு ஐயா. ஆனால் ஒரு தேர்வு, ஒரு நியமன ஆணை, அப்புறம் ஓய்வு பெறும்வரை கவலையில்லை என்கிற வேலை அல்ல. அரசுத் திட்டங்களை மதிப்பிடும் ஆய்வு அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள், அரசுத் துறைகளுக்கு ஆலோசனை தரும் கம்பெனிகள் என்றுதான் தொடங்கும். பெரும்பாலும் ஒப்பந்த வேலை; திட்டம் முடிந்தால் வேறு இடம் தேட வேண்டும். லட்சக்கணக்கில் கடன் வாங்கி, பேர் தெரியாத தனியார் கல்லூரியில் இதைப் படிப்பதென்றால் வேண்டவே வேண்டாம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ச்சி ஆய்வுகள் எம்.ஏ.வுக்கு கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியிலும் அசிம் பிரேம்ஜி பல்கலையிலும் நல்ல படிப்புகள் உண்டு. பக்கத்திலேயே போதும் என்றால் காலாப்பட்டிலுள்ள புதுச்சேரிப் பல்கலையில் எம்.ஏ. பொருளாதாரம். தமிழக அரசு 2022-ல் தொடங்கிய முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தையும் குறித்துவையுங்கள். 30 பேரை 2 ஆண்டுக்கு உதவித்தொகையோடு அரசுப் பணிகளில் ஈடுபடுத்தினார்கள். தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பது நம் பிள்ளைகளுக்குச் சாதகம்.

ஆனால் அவளுக்கு இது உண்மையிலேயே பிடிக்குமா? அதைப் பார்க்கச் செலவே இல்லை. உறவினர் யாராவது இருக்கும் கிராமத்தில் ஒரு கிராம சபைக்குப் போகட்டும். வரவு செலவு வாசிக்கும்போது யார் கேள்வி கேட்கிறார்கள், யார் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள் என்று குறித்துக்கொள்ளட்டும். அடுத்த வாரம் பஸ் ஏறி புதுச்சேரிப் பகுதியான கன்னியக்கோவில், பாகூர் பக்கம் போகட்டும். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல்தான். 2011-ல் அந்தப் பதவிக்காலம் முடிந்த பின் ஆண்டுக்கணக்கில் தேர்தலே இல்லை. ஊராட்சிகளுக்கு 5 ஆண்டுக்கொரு தேர்தல் என்ற அரசியலமைப்பின் 73-வது திருத்தம் 1993-லேயே நடைமுறைக்கு வந்துவிட்டது! நம் பக்கமும் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. 2016-லிருந்து 2019 வரை தேர்ந்தெடுத்த தலைவர்கள் இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான். சாக்கடை அடைத்தால் அங்கே யாரிடம் போகிறார்கள், இங்கே யாரிடம் போகிறார்கள்? நாலு பக்கம் எழுதச் சொல்லுங்கள். விட்டுப்போன தகவலுக்கு 10 ரூபாய் கட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடலாம்.

எழுதச் சலித்துக்கொண்டால் வங்கித் தேர்வுப் புத்தகத்தை எடுக்கலாம். நாலு பக்கம் நாற்பதானால் தடுக்காதீர்கள். கேட் விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் வரும். ஆகஸ்ட் 15 கிராம சபையை அவள் பார்த்துவிட்டு வந்த பிறகு பணம் கட்டலாம்.