கேள்வி பதில்: பி.எம்.ஐ.யா, கொழுப்பு விழுக்காடா?

மொரீஷியஸின் காத்ர் போர்னிலிருந்து எழுதுகிறேன். நீரிழிவு கிளினிக்கில் நீண்ட காலம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். எடை பற்றிக் கேளுங்கள். மருந்து அளவை மட்டும் கேட்காதீர்கள், அது உங்கள் டாக்டர் சொல்ல வேண்டியது.

கே (ரோஸ் ஹில்): அக்கா, என் உயரம் 162 செ.மீ., எடை 59 கிலோ. பி.எம்.ஐ. 22.5, நார்மல் என்கிறார்கள். ஆனால் சர்க்கரை எல்லையில் நிற்கிறதே?

ப: தம்பி, இடுப்புச் சுற்றளவை எழுதவில்லையே! கை கால் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால். நம்மவர்களில் எத்தனையோ பேரை இப்படிப் பார்த்திருக்கிறேன். கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவதுதான் பி.எம்.ஐ. அந்த எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

2004-ல் யாக்னிக், யுட்கின் என்ற இரண்டு மருத்துவர்கள் தங்கள் படத்தையே லான்செட் மருத்துவ இதழில் போட்டார்கள். ஒருவர் இந்தியர், மற்றவர் வெள்ளைக்காரர். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்களுக்கு பி.எம்.ஐ. 23-லிருந்தே கவனம் வேண்டும், 27.5-க்கு மேல் ஆபத்து அதிகம் என்றது.

என் அப்பாவின் எடை இருபது வருஷம் மாறவே இல்லை. ஆனால் அவர் பெல்ட்டில் மூன்றாம் துளையில் பழைய மடிப்புத் தழும்பு இருக்கும், மாட்டுவது நுனிப் பக்கம் தள்ளி ஐந்தாவதில். தசை கரைந்த இடத்தை வயிற்றுக் கொழுப்பு பிடித்துக்கொண்டது. தராசு ஒன்றும் சொல்லவில்லை, பெல்ட் சொன்னது. நீங்கள் இன்றே டேப்பை எடுங்கள்.

கே (கியூர்பிப்): கொழுப்பு காட்டும் எடை மெஷின் எது நல்லது?

ப: கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன். அது கால் வழியாகச் சிறு மின்சாரம் விட்டு, வயது, உயரம், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறது. உடம்பில் நீர் கூடினாலும் குறைந்தாலும் எண் மாறும். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஏறவே கூடாது.

கே (ரோஸ் ஹில், ஜிம் பையன்): 175 செ.மீ., 86 கிலோ. பி.எம்.ஐ. 28. இடுப்பு 82 செ.மீ. நான் குண்டா? பி.எம்.ஐ. கணக்கைப் போட்ட கெட்லே டாக்டரே இல்லை, அந்தக் கணக்கைத் தூக்கிப் போடுங்கள்!

ப: நீங்கள் குண்டு இல்லை. கெட்லே பெல்ஜியத்து வானியலாளர், 1830-களில் கூட்டத்தின் சராசரியைப் பார்க்கப் போட்ட கணக்கு அது. உண்மைதான். அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 1972-ல் ஐந்து நாட்டு ஆண்களை வைத்து எடை-உயரக் கணக்குகளை ஒப்பிட்டு, இதற்கு பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தார். பெண்கள் அதில் இல்லை. ஆனால் தூக்கிப் போட முடியாது. ஊர் முழுக்க அளந்து பார்க்கத் தராசும் சுவரில் ஒரு அளவுகோலும் போதும். கொழுப்பையும் தசையையும் எக்ஸ்ரேயால் பிரித்துக் காட்டும் டெக்ஸா ஸ்கேனுக்கு எத்தனை பேர் போக முடியும்?

கே (அதே பையன்): அப்போ கொழுப்பு விழுக்காடுதானே சரி?

ப: நல்ல கருவியில் எடுத்தால் பி.எம்.ஐ.யை விட நன்று. அப்போதும் கொழுப்பு எங்கே இருக்கிறது என்பதை அந்த ஒற்றை எண் சொல்லாது. தொடையில் இருப்பது வேறு, குடலைச் சுற்றியும் ஈரலிலும் இருப்பது வேறு. அந்த இரண்டாவதுதான் சர்க்கரை நோயை இழுத்து வருகிறது. இடுப்புச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்கட்டும். உங்களுடையது 0.47, நிம்மதியாக இருங்கள். தெற்காசியர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 என்ற இடுப்பு எல்லையையும் நினைவில் வையுங்கள்.

கே (குட்லேண்ட்ஸ்): காவடி விரதம் பத்து நாளில் 3 கிலோ போச்சு. கொழுப்பா?

ப: பாதிக்கு மேல் நீர்தான் இருக்கும். தால் பூரியும் காத்தோ பிமான் என்ற மிளகாய் வடையும் திரும்பி வந்த பிறகு, ஒரு மாதம் கழித்து அளந்து பாருங்கள்.

கே (ஃப்ளாக்): எந்த மெஷின் வாங்கலாம்?

ப: மேலே சொல்லியிருக்கிறேன். தயவுசெய்து படியுங்கள்.

கே: என் மகளுக்கு 9 வயது. பி.எம்.ஐ. 19.

ப: பிள்ளைகளுக்கு இந்த எல்லைகள் பொருந்தாது. வயதுக்கும், ஆணா பெண்ணா என்பதற்கும் ஏற்ற வளர்ச்சி அட்டை இருக்கிறது, டாக்டரிடம் காட்டுங்கள். பிள்ளையின் முன்னால் குண்டு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கே: மெஷின் பற்றி...

ப: டேப்! டேப் வாங்குங்கள்!

கே (வாக்வா): அக்கா, டேப்பை எங்கே வைப்பது?

ப: இதைத்தான் எதிர்பார்த்தேன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே. சட்டைக்கு மேலே வேண்டாம். வயிற்றை எக்காமல், மூச்சைச் சாதாரணமாக விட்டபின் படியுங்கள். அம்மாவின் பழைய தையல் டேப் இழுபட்டிருக்கும், புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.